வாழைக்குக் கிடைத்த வீடு

ஜார்விஸ், ஷேர்போர்ன், கார்ல்ரன், ஜெரார்ட் ஆகிய நான்கு தெருக்களுக்கு நடுவில் இருக்கும் அலன் பூங்காவுக்கு நான் போய்வரத் தொடங்கி இருபது வருடங்களுக்கு மேலாகிறது. ரொறன்ரோவுக்கு வந்திறங்கிய தமிழர் பலருக்கு சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்கள்தான் முதல் முகவரி. அங்கிருந்து இந்தப் பூங்கா நடைதூரம். ஆனாலும் அதன் கண்ணாடிக் கூரைக்குக் கீழே போய்ப் பார்த்த எங்கள் ஆட்களை நான் அதிகம் சந்தித்ததில்லை. காசு வாங்குவார்கள் என்று நினைத்துப் போகாமல் விட்டதாகச் சிலர் சொன்னார்கள். காசு இல்லை. வருடம் முழுக்கத் திறந்திருக்கும்.

இந்த நகரத்தின் மேயராக ஒரு காலத்தில் இருந்த ஜோர்ஜ் வில்லியம் அலன் 1858இல் ஐந்து ஏக்கர் நிலத்தைத் தோட்டக்கலைச் சங்கத்துக்குக் கொடுத்தார். 1860இல் வேல்ஸ் இளவரசர் வந்து திறந்துவைத்தார். பிறகு அங்கே கட்டிய மண்டபத்தில் 1882இல் ஒஸ்கார் வைல்ட் பேசியிருக்கிறார். அந்த மண்டபம் 1902இல் எரிந்துபோனது. அந்த இடத்தில் 1910இல் எழும்பியதுதான் குவிமாடம் வைத்த பனை வீடு. பிறகு பக்கங்களில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து இன்று ஆறு கண்ணாடி வீடுகள்.

வெளியே நான்கு பருவம், உள்ளே ஒரே பருவம் என்றுதான் முதலில் எல்லோரும் நினைப்பார்கள். அடிக்கடி போகிறவருக்கு அது சரியில்லை என்று தெரியும். கொதிகலன் சூட்டைத்தான் தரும், வெயிலைத் தராது. ஜூன் மாதத்தில் ரொறன்ரோவின் பகல் பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல். டிசம்பரில் ஒன்பது மணித்தியாலம் இருந்தால் பெரிய காரியம். ஆகவே பனிக்காலத்தில் உள்ளே நிற்கும் வாழை குளிரை அறியாது, இருட்டை அறியும். சுருண்ட குருத்து வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். மார்ச்சில் ஒரு நாள் போனால் அது விரிந்திருக்கும். பருவத்தைக் கையால் செய்வதும் நடக்கிறது. செவ்வந்திக்கு நீண்ட இரவு வேண்டும். நத்தார் காலத்துச் சிவப்பு இலைச்செடியான பொயின்செற்றியாவுக்கும் அப்படியே. தினமும் பதினான்கு மணித்தியால இருட்டு என இரண்டு மாதமளவில் கிடைத்தால்தான் அதன் மேலிலைகள் சிவக்கும். நடுவில் யாராவது ஒரு விளக்கைப் போட்டுவிட்டால் கெட்டது. ரியூலிப் கிழங்குக்கோ மூன்று, நான்கு மாதக் குளிர் வேண்டும். ஈஸ்ரருக்கு அது பூத்து நிற்கிறது என்றால், எங்கோ ஒரு குளிரறையில் அதற்கு மட்டும் ஒரு பனிக்காலத்தை யாரோ நடத்தி முடித்திருக்கிறார்கள் என்று பொருள்.

கோடையில் அங்கே ஆள் குறைவு. வெளியில் இலவசமாக வெயில் கிடைக்கும்போது கண்ணாடிக்குள் போய் வேர்க்க ஆருக்கு மனம் வரும்? ஜனவரியில் நிலைமை தலைகீழ். கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி முழுக்கப் புகை படியும். ஈர மண் வாசனை வரும். என்னுடைய அம்மா ஒருமுறை வந்தபோது செவ்வரத்தையைப் பார்த்தார், கமுகின் சொந்தக்காரர்கள் போன்ற சில பனைகளைப் பார்த்தார், ஒன்றுக்கும் அசையவில்லை. வாழையடியில் மட்டும் நின்று, "இஞ்சை ஆர் இலை வெட்டுறது?" என்று கேட்டார். ஒருவரும் வெட்டுவதில்லை என்றேன். "பிறகென்னத்துக்கு?" என்றார்.

அம்மா கேட்டது பயனைப் பற்றி. அதைவிடக் கடுமையான கேள்வி பல வருடம் கழித்து வந்தது.

2022, 2023ஆம் ஆண்டுகளில் அந்தப் பூங்காவின் புல்வெளியில் கூடாரங்கள் நிறைந்திருந்தன. வாடகை கட்ட முடியாதவர்கள், தங்குமிடங்களில் கட்டில் கிடைக்காதவர்கள், கிடைத்தும் போகப் பயந்தவர்கள். 2023 மே மாதம் நகரசபையே வீடின்மையை அவசரநிலையாக அறிவித்தது. அந்தக் காலத்தில் ஒரு நாள் என்னோடு வந்த, தெரிந்த அக்கா ஒருவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்: "வாழைக்குக் குடுக்கிற சூட்டை ஒரு மனிசனுக்குக் குடுக்க ஏலாதோ?"

இதற்குக் கைவசம் இருக்கும் பதில், அது வேறு கணக்கு, இது வேறு கணக்கு என்பது. பூங்காப் பணத்தை எடுத்து வீடு கட்ட முடியாது. உண்மைதான். ஆனால் இந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கை இல்லை. உதவ மனமில்லாத ஒவ்வொருவரும் இப்படித்தான் பணத்தை உறைகளில் பிரித்துவைத்திருக்கிறோம் என்பார்கள். உறைகளைப் பிரித்ததும் மனிதர்கள்தானே.

பீற்றர் சிங்கர் 1972இல் வெளியிட்ட ஒரு கட்டுரை அறவியல் வகுப்புகளில் இன்றும் படிக்கப்படுகிறது. கிழக்கு வங்க அகதிகள் பட்டினி கிடந்த நேரத்தில் எழுதியது. ஒரு பெருந்தீங்கைத் தடுக்க நம்மால் முடியும், அதற்காக அதே அளவு முக்கியமான எதையும் இழக்க வேண்டியதில்லை என்றால், தடுத்தே ஆகவேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம். கேட்க எளிமையாக இருக்கும். ஏற்றுக்கொண்டால் கண்ணாடி வீடு நிற்காது. நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த இதழும் நிற்காது.

எங்கள் சமூகத்துக்கு இந்த வாதத்தைச் சிங்கர் கற்றுத்தரத் தேவையில்லை. போர்க்காலம் முழுவதும் அதற்குள்தான் இருந்தோம். ஒரு பிறந்தநாள் மண்டபத்துக் காசில் ஊரில் எத்தனை குழாய்க்கிணறு, ஒரு கலியாண மணவறைப் பூவில் எத்தனை குடும்பத்துக்கு அரிசி என்று கணக்குப் பார்த்தோம். 2009 வசந்தத்தில் இந்த நகரத்தில் பூ வாங்கிய தமிழர் எவரும் கூச்சப்படாமல் வாங்கியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கூச்சம் நியாயமானது. ஆனால் அந்தக் கணக்கு முடிவதே இல்லை என்பதையும் கண்டோம். பூவை நிறுத்தினால் அடுத்தது புத்தகம், பிறகு பிள்ளையின் வயலின் வகுப்பு. இப்படி எல்லாவற்றையும் கழித்துக்கொண்டே போன வீடுகள் எனக்குத் தெரியும். அங்கே வளர்ந்த பிள்ளைகள் ஊரைப் பற்றிக் கேட்கவே விரும்புவதில்லை.

சரி, அழகும் தேவைதான் என்று சொல்லி முடித்துவிடலாமா? முடியாது. கூடாரத்துக்குள் கிடக்கிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

வாழையின் பக்கம் நின்று சொல்லக்கூடிய வலுவான வாதம் அழகு அல்ல என்றே நினைக்கிறேன். அதற்கு வேறு போக்கிடம் இல்லை. பதினான்கு, பதினைந்து பாகைக்குக் கீழே போனால் அதன் வளர்ச்சி நின்றுவிடும். உறைகுளிர் ஒரே இரவில் இலையைக் கறுக்கச் செய்யும். நூற்றுக்கு மேற்பட்ட வருடங்களாக ஒவ்வொரு ஜனவரி இரவும் யாரோ கொதிகலனைக் கவனித்திருக்கிறார்கள். நாமாகக் கொண்டுவந்து வைத்தோம், நம்மை விட்டால் அதற்கு வழியில்லை என்ற நிலைக்கு ஆக்கினோம், ஆகவே காப்பது நம் கடன். இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். (இதைக் கேட்டதும் புலம்பெயர்ந்த நாங்களும் கண்ணாடி வீட்டுச் செடிகள் என்று ஒரு கவிதை எழுதிவிட வேண்டாம். நாங்கள் ஜக்கெற் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனோம். எந்த வாழையும் கராஜில் இரவு வேலை செய்யவில்லை.)

சிக்கல் என்னவென்றால், இந்த வாதம் வாழையோடு நிற்காது. புல்வெளியில் கிடப்பவரையும் போக்கிடம் இல்லாதவர் ஆக்கியது இந்த நகரம்தான். மலிவான அறை வாடகை வீடுகளை விற்றதும் இடித்ததும், உதவித்தொகையை வாடகைக்கு எட்டாமல் வைத்ததும் இயற்கை செய்த வேலையல்ல. அப்படியானால் வாழைக்காகச் சொன்ன அதே வாக்கியத்தை அவருக்காகவும் சொல்லவேண்டும். ஆனால் அவர் விடயத்தில் நாம் முதலில் விசாரிக்கிறோம். குடிக்கிறாரா, வேலை தேடினாரா, கொடுத்த கட்டிலை ஏன் மறுத்தார்? குளிர் எந்த அளவுக்கு இறங்கினால் சூடேற்றும் நிலையங்களைத் திறப்பது என்று மனிதர்களுக்காக ஓர் எல்லையை வைத்து, அதைப் பற்றி விவாதிக்கிறோம். பனை வீட்டில் வெப்பம் குறைந்தால் சூடாக்கி தானாக இயங்கத் தொடங்கும். அதற்கு வாக்கெடுப்பு இல்லை. அந்த வாழை தகுதியுள்ள வாழையா என்று ஒருவரும் கேட்பதில்லை.

அக்காவின் கேள்வியை அதன்பிறகு நான் வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினேன். வாழையிடமிருந்து எடுக்கவேண்டியதில்லை. அதற்குக் கொடுக்கும் விதத்தை, விசாரணையில்லாமல் கொடுக்கும் அந்த விதத்தை, நம்மால் ஏன் ஆட்களிடம் காட்ட முடியவில்லை? நேர்மையாகச் சொன்னால் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. வாழை நம்மைத் திருப்பித் திட்டாது. மனிதரைக் காப்பதென்றால் அவருடைய கோபத்தையும் பிடிவாதத்தையும் சேர்த்துத்தான் காக்கவேண்டும்.

இன்னொன்றையும் அக்காவுக்குக் காட்டினேன். அன்றைக்கு உள்ளே இருந்தவர்களில் பாதிப்பேர் பூப் பார்க்க வந்தவர்கள் அல்ல. ஒன்றும் வாங்காமல், பெயர் சொல்லாமல், ஒரு பகல் முழுக்கச் சூட்டில் இருக்கக்கூடிய இடங்கள் அந்த வட்டாரத்தில் மிகக் குறைவு. நூலகம் ஒன்று, இது ஒன்று. இந்தப் பூங்காவுக்கு அப்படியொரு பழைய வழக்கும் உண்டு. 1962இல் இங்கே அனுமதியில்லாமல் கவிதை வாசித்த மில்ரன் ஏக்கோர்ன் முதலான கவிஞர்கள்மீது பொலிஸார் வழக்கு எழுதினார்கள். அவர்கள் விடாமல் திரும்பத் திரும்ப வந்து வாசித்தார்கள். பொது இடம் என்றால் யாருக்கு என்ற தகராறு இங்கே புதிதல்ல.

மாலை ஐந்து மணிக்குப் பூட்டுவார்கள். காவலர் ஒவ்வொரு வீடாக வந்து, மரியாதையாகத்தான், நேரமாகிறது என்பார். ஆட்கள் எழும்பித் தங்கள் பைகளை எடுப்பார்கள். அவசரம் காட்டமாட்டார்கள். கள்ளிச்செடி வீட்டுப் பக்கமாக நடந்து, இரண்டு கதவுகளுக்கு நடுவிலுள்ள சிறிய இடத்தில் நின்று கையுறை போட்டுக்கொள்வார்கள். எனக்குப் பஸ் இருக்கிறது, போய்விடுவேன். அக்கா அன்று ஒருவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அவர் ஷேர்போர்ன் பக்கம் கையைக் காட்டி, இடம் இருக்கிறதோ தெரியாது, போய்ப் பார்க்கவேண்டும் என்றார்.