ஜகந்நாத சப்தமும் ஆங்கிலச் சொல்லும்

ஆங்கில அகராதியில் 'ஜக்கர்நாட்' என்றொரு சொல் உண்டு. எதிர்ப்பட்டதையெல்லாம் நசுக்கிச் செல்லும் மூர்க்க சக்தி என்பது அதன் பொருள். இங்கிலாந்தில் பெரிய லாரிகளையும் அப்பெயரால் வழங்குவர். அச்சொல்லின் மூலம் யாது? பூரி க்ஷேத்திரத்து எம்பெருமானின் 'ஜகந்நாத' என்னும் திருநாமமே!

வடமொழியில் 'கம்' என்னும் தாதுவுக்குச் செல்லுதல் என்பது பொருள். அதினின்று பிறந்தது 'ஜகத்'. அதாவது, இடையறாது இயங்கும் உலகம். 'நாதன்' என்பான் புகலிடமாய் நின்று காப்பவன்.

காக்கும் நாமம் நசுக்கும் சொல்லானது எங்ஙனம்? 14-ஆம் நூற்றாண்டில் பாரதம் வந்த ஒடோரிக் என்னும் இத்தாலியப் பாதிரியார், அடியார்கள் தேர்க்காலில் தாமே விழுந்து மடிவதாக எழுதிவைத்தார். பின்வந்த ஐரோப்பியர் அக்கதையைப் பூரித் தேரின்மேல் ஏற்றிப் பெருக்கினர். நெரிசலில் நேர்ந்த விபத்துகளும் நரபலியாகச் சித்திரிக்கப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டில் அப்பொருளே ஆங்கிலத்தில் நிலைத்தது.

உண்மையோ வேறு. ஆண்டுதோறும் புதிதாகச் சமைக்கப்படும் 16 சக்கரத் தேரில் எம்பெருமான் எழுந்தருள, பூரி மன்னரே பொற்றுடைப்பம் ஏந்தித் தேர்த்தட்டைப் பெருக்குகிறார். சந்நிதிக்குள் வர இயலாதோரும் சேவிக்கவன்றோ அவன் வீதிக்கு வருகிறான்!

சேதராப்பட்டுக்கு வந்துள்ள அன்பர்களே! பள்ளியில் அச்சொல்லைப் பயிலும் குழந்தைகளுக்கு அதன் மூலத்தை உரைத்திடுக. எவ்வூரில் வடம் பிடிப்பினும், முதியோரையும் சிறாரையும் சக்கரத்தருகே நெருங்கவொட்டாது காத்திடுக. ஒருவர் தேர்க்காலில் வீழினும் அகராதியின் பழிச்சொல் மெய்யாகிவிடும். அனைவரும் நலமே இல்லம் திரும்பினால் 'ஜகந்நாத' என்னும் நாமமே மெய்யாகும்.