கேட்பதற்கு முன்னால்

என் அக்கா பையன் டெட்ராய்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறான். கார் கம்பெனி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறான். போன தடவை அங்கே போனபோது நயாகராவைக் காட்டுவான் என்று எதிர்பார்த்தேன். கராஜைக் காட்டினான்.

உள்ளே சிவப்பாக ஒரு கிழட்டுக் கார். 1990-ம் வருஷத்து மாஸ்டா மியாட்டா. ரெண்டே ஸீட், மடக்கும் கூரை, 1.6 லிட்டர் எஞ்சின், 116 குதிரைசக்தி, எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, உலகத்திலேயே அதிகம் விற்ற ரெண்டு ஸீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் ஏறிய ஜாதி.

"இதுக்கு டர்போ போடறேன் மாமா. ரெண்டாவது தடவை."

"முதல் தடவை என்னாச்சு?"

மூலையில் பழைய எஞ்சின் கிடந்தது. இரும்பு பிளாக்கின் பக்கவாட்டில் கை நுழைகிற அளவு ஓட்டை. பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்து, முறிந்து, சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறது.

டர்போ என்ன செய்கிறது என்று ரெண்டு வரி. எரிந்த பெட்ரோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியே வீணாகப் போகிறது. அந்தப் புகையின் பாதையில் ஒரு சின்னக் காற்றாடி. அதே தண்டின் மறுமுனையில் இன்னொன்று. புகை முதலாவதைச் சுற்ற, இரண்டாவது வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலைக் கூட எரிக்கலாம், சக்தி கூடும். ஸ்விட்சர்லாந்து எஞ்சினியர் ஆல்ஃபிரட் பூஹி 1905-ல் பேடன்ட் வாங்கிய யோசனை.

சிக்கல் என்னவென்றால், அமுக்கினால் காற்று சூடாகும். சைக்கிள் பம்ப்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சூடு மிஞ்சினால், ஸ்பார்க் ப்ளக் பற்றவைத்த தீ வந்து சேர்வதற்குள் ஓரத்துக் கலவை தானாகவே வெடிக்கும். இதற்கு நாக்கிங் என்று பெயர். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பது மாதிரி.

நம்ம ஆள் முதல் தடவை சதுர அங்குலத்துக்கு எட்டு பவுண்டு அழுத்தம் கொடுத்தான். ஒரு மாசம் அமர்க்களமாக ஓடியது. ஆசை யாரை விட்டது? பதினைந்தாக்கினான். நம் எல்லார் மேலும் உட்கார்ந்திருக்கும் காற்றுமண்டலத்தின் அழுத்தமே 14.7 பவுண்டுதான். அதற்கு மேல் இன்னொரு காற்றுமண்டலத்தை உள்ளே திணித்திருக்கிறான். பெட்ரோல் ஊற்றும் இன்ஜெக்டர் பழசு, ரேடியேட்டர் பழசு. நாக்கிங் சத்தம் வந்திருக்கத்தான் வேண்டும். கூரை திறந்திருந்தது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது வாரம் ஹைவேயில் படார்.

"ராட் வீக்கோ?" என்றேன்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. ராட் வீக் இல்லை மாமா. 116 குதிரைக்கு அது நல்ல ராட்."

இந்தத் தப்பை அவனுக்கு முன்னால் பெரிய கம்பெனிகளே செய்திருக்கின்றன. அதே மிச்சிகன் மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் 1962-ல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்று ஒரு டர்போ கார் விட்டது. எஞ்சினில் ஏற்கெனவே காம்ப்ரெஷன் அதிகம். அதன் மேல் டர்போ. நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளிக்க ஏற்பாடு. அதற்குத் தனி டாங்க். வாங்கியவர்கள் வேகத்தை ரசித்தார்கள், டாங்க்கை நிரப்ப மறந்தார்கள். தகராறு மேல் தகராறு. கடைசியில் கம்பெனியே பலருக்கு டர்போவைக் கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தது. இரண்டே வருஷத்தில் கதை முடிந்தது.

இரண்டாவது எஞ்சினைப் பையன் எட்டு மாசமாகக் கட்டினான். சிலிண்டர்களில் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. பிறகு உறுதியான புது ராடுகள், பெரிய ரேடியேட்டர், அமுக்கிய காற்றைக் குளிரவைக்க இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர்கள், டர்போவுக்குத் தடையில்லாமல் எண்ணெய் போக வழி, எல்லாவற்றையும் கவனிக்கப் புதுக் கம்ப்யூட்டர். டர்போவை மாட்டியது கடைசியில். செலவில் பெரும்பகுதி அதற்கு முன்பே போய்விட்டது. பிறகு எஞ்சின் பிளாக்கில் ஒரு சின்ன மைக்கைப் பொருத்தி, காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பவுண்டாக ஏற்றினான். 'டொக்' என்று கேட்டால் இறக்கிவிடுவான். பத்து பவுண்டில் நிறுத்திக்கொண்டான்.

அழுத்தம் அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள ஸ்பிரிங் வைத்த குட்டிக் கதவு ஒன்று இருக்கிறது. வேஸ்ட்கேட் என்பார்கள். 'போதும்' என்று மிச்சப் புகையைக் காற்றாடிக்குப் போகவிடாமல் திருப்பிவிடும்.

"இன்னும் ஏத்தினாத் தாங்குமே?"

"தாங்கும். எத்தனை நாளைக்குன்னுதான் தெரியாது."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் ஜெட்லாக் மட்டும் இல்லை.

2006-ல் அவன் ப்ளஸ் டூ. அத்திம்பேர் துபாயில் இருந்ததால் படிப்புப் பொறுப்பு என்னிடம். காலை ஐந்து மணிக்கு மேத்ஸ் ட்யூஷன், எட்டரைக்கு ஸ்கூல், சாயங்காலம் ஃபிசிக்ஸ், ராத்திரி ஐ.ஐ.டி. கோச்சிங். நல்லாப் படிக்கிற பையன். இன்னும் கொஞ்சம் முடுக்கினால் எங்கேயோ போய்விடுவான் என்று நினைத்தேன். ஜனவரியில் சாப்பாடு குறைந்தது. பிப்ரவரியில் நகமெல்லாம் கடித்துத் தீர்த்திருந்தான். மார்ச்சில் கெமிஸ்ட்ரி பரீட்சையில் பேனாவைப் பிடித்தபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, வெறும் பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்தான். ஐ.ஐ.டி. கனவு அதோடு சரி. உறவுக்காரர்களிடம் நான் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "பையனுக்கு ஸ்டாமினா பத்தலை."

ராட் வீக் என்று சொல்லியிருக்கிறேன்.

அதற்காக, யாரிடமும் எதுவும் அதிகமாகக் கேட்கவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கேட்காவிட்டால் அந்த மியாட்டா கடைசி வரை 116 குதிரையாகவே இருந்திருக்கும். அதன் எஞ்சின் குடும்பத்திலேயே டர்போவோடு பிறந்த அண்ணன் ஒருவன் மாஸ்டா 323-ல் இருந்தான். உள்ளே தெம்பு இருந்தது. வாத்தியார்கள் அதட்டிக் கேட்டதால்தான் நம்மில் பலர் உருப்பட்டோம். ஒருவரிடம் எதையுமே எதிர்பார்க்காமல் விடுவதும் ஒரு அவமரியாதைதான்.

ஆனால் கேட்கிறவனுக்குச் சில கடன்கள் உண்டு. முதலில் கொடுத்திருக்க வேண்டும். தூக்கம், சாப்பாடு, தோற்றாலும் வீட்டில் இடம் உண்டு என்கிற தைரியம், இவையெல்லாம் ரேடியேட்டரும் எண்ணெயும். நான் கொடுத்தது ட்யூஷன் ஃபீஸ் மட்டும். அடுத்தது, காதைத் தீட்டி வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சினாவது சத்தம் போடும். நம் வீட்டுப் பிள்ளைகள் பெரியவர்கள் முன்னால் சத்தம் போடுவதில்லை, நகத்தைக் கடிக்கிறார்கள். அப்புறம் அந்தக் குட்டிக் கதவு. அதைக் கேட்கிறவன்தான் வைக்க வேண்டும்; தாங்குகிறவனால் முடியாது. உடைந்த ராடுக்கு இன்னொன்றை வாங்கிக்கொள்ளலாம். பதினேழு வயசுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது.

மறுநாள் ஒரு ரவுண்டு கூட்டிப் போனான். கார் சீறியது, என் வயசுக்கு அது அதிகம். வீட்டு வாசலுக்கு வந்தும் எஞ்சினை அணைக்கவில்லை.

"ஒரு நிமிஷம் மாமா. டர்போ கொதிச்சுக்கிட்டிருக்கும். உடனே ஆஃப் பண்ணா எண்ணெய் ஓட்டம் நின்னு, உள்ளேயே கருகிடும்."

உட்கார்ந்திருந்தோம். "அந்த வருஷம்... உனக்கு முன்னாடியே தெரிஞ்சுதாடா?" என்றேன். எந்த வருஷம் என்று அவன் கேட்கவில்லை.

"டிசம்பர்லயே தெரிஞ்சுது மாமா."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். தலை வலிக்குதுன்னு சொன்னேன். தைலம் வாங்கிக் குடுத்தீங்க."

சாவியைத் திருப்பி அணைத்தான். பதினெட்டு வருஷத்துக்கும் மேல் தாமதமாக, ஒரு 'ஸாரி' சொன்னேன். "விடுங்க மாமா" என்று சொல்லி இறங்கி, என் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.