வந்து போதலும் உடனிருத்தலும்

திருச்சிற்றம்பலம்



2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிலே டித்வா என்னும் புயல் இலங்கையைத் தாக்கியபொழுது, ஊவா மலைச்சாரல்கள் பல இடங்களிற் சரிந்தமையை நாம் அறிவோம். பேரிழப்பு எய்திய மாவட்டங்களுள் நமது பதுளையும் ஒன்று. அப்பொழுது அன்புடையார் பலர் அரிசியும் பால்மாவும் பாயும் உடையும் சுமந்துகொண்டு வந்தனர். அவர் செய்தது அறமே. அதிற் சிறிதும் ஐயமில்லை. ஆயின் வந்தவர் மீண்டபின், அத்தோட்டத்து மக்களுக்கும் அவர்களுக்கும் இடையே எஞ்சி நிற்பது யாது? இவ்வினாவே இன்று எம்மைப் பேசத் தூண்டிற்று.

ஓரூர் மக்களுக்குச் செய்யும் பணி இருவகைப்படும். ஒன்று வந்து போதல், மற்றொன்று உடனிருத்தல். முன்னையது விருந்தினர் செயல். பின்னையது உறவினர் செயல். இவ்விரண்டும் வேண்டற்பாலனவே. பசித்து வீழ்ந்தவனிடத்தில் நெல் விதைக்கும் முறையை உபதேசித்தல் ஆகாது. அவனுக்கு அப்பொழுது வேண்டுவது கஞ்சி. வீடு பற்றி எரிகையிற் கிணறு தோண்டப் புகுதல் எத்துணைப் பேதைமையோ, நெருப்பு அணைந்தபின்னும் கிணறு தோண்டாதிருத்தல் அத்துணைப் பேதைமையாம். நம்மவர் பெரும்பாலும் இவ்விரண்டாவது பேதைமையிலேயே அகப்பட்டிருக்கின்றனர் என்பது எமது துணிபு.

சைவம் வளர்த்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களுடைய (1822-1879) வாழ்விலே இவ்விருவகைப் பணியும் ஒருங்கே விளங்குதல் காண்க. 1876, 1877ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளைநோயும் வருத்தியபொழுது, அவர் பொருள் திரட்டிக் கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தினார். பஞ்சம் நீங்கியபின் அக்கஞ்சித்தொட்டியும் நீங்கிற்று, நீங்கவேண்டுவதே முறை. ஆயின் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் அவர் தாபித்த சைவப்பிரகாச வித்தியாசாலை அவருக்குப் பின்னும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது. மேலும் ஒன்று சிந்திக்கத்தக்கது. அவர் கஞ்சிக்குப் பொருள் கேட்டபொழுது சனங்கள் நம்பிக் கொடுத்தது எதனால்? ஏறக்குறைய முப்பது வருடகாலம் அவர் செய்த வித்தியாதானத்தை அவர்கள் கண்ணாற் கண்டிருந்தமையாலன்றோ? நெடும்பணி செய்தவருடைய குறும்பணியே ஊராரால் நம்பி ஏற்கப்படுகின்றது.

இவ்வுண்மையைப் பெரியபுராணம் நமக்கு முன்னரே காட்டியிருக்கின்றது. திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்துற்றபொழுது அப்பமூர்த்திகளும் திருஞானசம்பந்தமூர்த்திகளும் அவ்விடத்தை விட்டு அகன்றாரில்லை. சிவபெருமான் நாடோறும் இருவருக்கும் ஒவ்வொரு பொற்காசு அருள, அதுகொண்டு இருவரும் தத்தம் மடத்திலே அடியார்களுக்கு அமுதளித்தனர். அப்பரது மடத்தில் உரிய வேளையிலே அமுது வழங்கப்பட்டது. பிள்ளையாரது மடத்தில் வேளை தாழ்ந்தது. காரணம் யாதென வினாவியபொழுது, பிள்ளையார் பெற்ற காசு கடையிலே வட்டங் கழித்து மாற்றப்படுதலும், அப்பர் பெற்ற காசு வட்டமின்றிச் செல்லுதலும் தெரியவந்தன. கையால் உழவாரப்பணி செய்யும் அடியாராதலின் அப்பரது காசு குறைவின்றிச் சென்றது எனப் பிள்ளையார் உணர்ந்தருளினார். பின்னர் அவரும் பதிகம் பாடி வாசியில்லாக் காசு பெற்றார். பஞ்சம் நீங்கிய பின்னரே இருவரும் அத்தலத்தினின்று புறப்பட்டனர்.

அன்பர்களே, நாம் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் பொருளும் அக்காசு போல்வதே. அங்கே கைவருந்தி உழைத்தவன் கொடுக்கும் ஒருபிடி அரிசி முழுமதிப்புப் பெறும். ஒருநாள் வந்து படம் பிடித்துச் செல்வோன் கொடுக்கும் மூட்டை, கொள்வோர் மனத்திலே வட்டங் கழித்தே ஏற்கப்படும்.

நம் மாகாணத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆந் திகதி காலையிலே கொஸ்லாந்தையைச் சார்ந்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. இலங்கை முழுவதிலுமிருந்து உணவும் உடையும் வந்து குவிந்தன. அண்டையிலுள்ள பாடசாலைகளிலே தங்கவைக்கப்பட்ட மக்களைக் காணப் பெரியோர் பலர் வந்தனர். பின்பு அம்மக்களுட் பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றிலே தங்கி, ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருந்து, 2016ஆம் ஆண்டிலேதான் புதிய வீடுகளைப் பெற்றனர். முதல் இரண்டு வாரத்திலே உடனிருந்தார் பலர். அவ்விரண்டு வருடத்திலும் உடனிருந்தார் எத்தனைபேர்? அவ்விடம் அபாயமுடையதென்று 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலுமே எச்சரிக்கை செய்யப்பட்டிருந்தது என்பதும் பின்னர் வெளிவந்தது. எச்சரிக்கைக் கடிதத்துக்குக் கால்கள் இல்லை. லயம் லயமாகச் சென்று அதனை எடுத்துச்சொல்லி, மாற்றிடம் கிடைக்குமளவும் அம்மக்களுக்காக வாசல்தோறும் ஏறியிறங்கும் மனிதர் வேண்டும். அத்தகையோர் ஒருநாள் யாத்திரையிலே தோன்றுவதில்லை.

இம்மக்களிடத்து வந்து போதல் மிகவும் நோவு தருவதற்குப் பிறிதொரு காரணமும் உளது. தலைமுறை தலைமுறையாக இம்மலைகளிலே பிறந்து, உழைத்து, இம்மண்ணிலேயே அடங்கியவர்களை, "நீங்கள் வந்து போகின்றவர்கள்" என்று சட்டமே சொல்லிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டுச் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல்லாயிரவர் கப்பலேறினர். ஒரே லயத்து உறவினர் கடலுக்கு இருபுறமும் பிரிந்தனர். எஞ்சிய நாடற்றோர் குடியுரிமை பெறுதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமளவும் காத்திருந்தனர். நீ நிலையற்றவன் என்று இவ்வாறு நெடுங்காலஞ் சொல்லப்பட்ட ஒருவனுடைய வாசலிலே நாமும் நிலையற்றவராய் நின்று மீளுவோமாயின், அப்பழஞ்சொல்லையே நாமும் வேறொரு வகையாற் சொன்னவராவோம்.

பிறரைக் குறைகூறும் நோக்கம் எமக்கில்லை. எமது குற்றத்தையே கூறுதும். சில வருடங்களுக்கு முன் ஒரு மகாசிவராத்திரிக்குப் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு அன்பர் சிலரோடு சென்றேம். திருநீறும் தேவாரத் தொகுதியும் கொப்பிகளும் கொடுத்தேம். நெடிய பிரசங்கமுஞ் செய்தேம். பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி மூன்று பாடல்களை அன்றிரவே மனனஞ் செய்து பிழையின்றி ஒப்பித்தாள். மகிழ்ந்து, "வருகின்ற வெள்ளிக்கிழமை வந்து அடுத்த பாடலும் சொல்லித் தருவோம்" என்றேம். அடுத்த வெள்ளி மழை. அதற்கடுத்த வெள்ளி உறவினர் வீட்டுக் கலியாணம். பின்னர்ப் பரீட்சைக் காலம். ஐந்து மாதங் கழித்தே மீண்டும் அங்கே சென்றேம். அச்சிறுமியின் பாட்டி எம்மைக் கண்டு, "மாஸ்டரய்யா, புள்ள மூணு வெள்ளி கோயில் படியில குந்தியிருந்துச்சு. நாலாவது வெள்ளி நாந்தான் போகவேணாம்னு சொல்லிட்டேன்" என்றார். அதிலே சினமில்லை. சினந்திருந்தாற் சிறிது ஆறுதலடைந்திருப்பேம்.

யாம் கொடுத்த கொப்பியையும் அவர் எடுத்துவந்து காட்டினார். முதற்பக்கத்திலே அம்மூன்று பாடல்களும் அழகாக எழுதப்பட்டிருந்தன. அதன்பின் பக்கந்தோறும் எண்கள். யாதென்று கேட்டேம். தன் தாய் நாடோறும் எடுக்கும் கொழுந்தின் நிறையை அப்பிள்ளை எழுதிவைத்து, சம்பள நாளிலே கணக்குப் பார்த்துக் கொடுப்பாளாம். அன்றுதான் அவ்வீட்டிலே வேண்டப்பட்டது யாதென்று முதன்முறையாக அறிந்தேம். ஒருநாள் விருந்தினராய்ச் சென்றபொழுது யாம் கொடுக்க விரும்பியதையே கொடுத்தேம். அவர்க்கு வேண்டுவது யாதெனக் கேட்டேமில்லை. அதன்பின் ஒன்றுவிட்ட ஞாயிறுதோறும் அங்கே வகுப்பு நடந்தது. முதலிற் கணக்கு, பின்பு தமிழ், முடிவிலே தேவாரம். மூன்று வருடம் அவ்வாறு நிகழ்ந்தபின், அத்தோட்டத்திலேயே பிறந்து உயர்தரம் கற்ற ஒரு பெண்பிள்ளை அவ்வகுப்பை ஏற்று நடாத்துகின்றாள். யாம் மாதமொருமுறை சென்று பின்வரிசையில் அமர்கின்றேம். ஆயின் அந்தச் சிறுமி அவ்வகுப்பிலே ஒருநாளும் இருந்ததில்லை. வகுப்புத் தொடங்குமுன்னரே அவள் தாயோடு கொழும்புக்குப் போய்விட்டாள். அம்மூன்று வெள்ளிக்கிழமைகளை யாம் எங்ஙனம் திருப்பிக் கொடுப்பேம்?

"பிறமதத்தார் லயங்களிலே புகுந்து நம்மவரை இழுத்துச் செல்கின்றனரே" என்று சமயாபிமானிகள் சிலர் வருந்துகின்றனர். அவர்க்கு எமது விடை இதுவே. மிஷனார் தாபித்த பாடசாலையிலேதான் யாம் கல்வி கற்றேம். அங்கே எமக்குக் கணிதம் கற்பித்த கிறிஸ்தவ ஆசிரியர் ஒருவர், சனிக்கிழமைதோறும் மலையேறி லயங்களுக்குச் செல்வார். எந்த வீட்டிலே நோயாளி உண்டு, எந்தப் பிள்ளை பள்ளிக்கு வருதலை நிறுத்திற்று என்பன அவருக்குத் தெரியும். நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழிலே பெயர்த்த பேர்சிவல் பாதிரியாரும் யாழ்ப்பாணத்திலே பல்லாண்டு தங்கித் தமிழைக் கற்றே அப்பணி புரிந்தார். நாமோ வருடத்துக்கொருமுறை திருவிழாவிலே ஒலிபெருக்கி கட்டிப் பேசி, அன்றிரவே பஸ் ஏறுகின்றோம். வாரந்தோறும் வருகின்றவனை மக்கள் நம்பினால் அது யார் குற்றம்? வெறுப்பினால் இக்குறை நீங்காது. நாமும் நடந்து சென்றால் நீங்கும்.

அற்றேல், நெடுநாள் இருத்தலே புண்ணியமோ எனின், அன்று. தோட்டத்துரையும் பெரியகங்காணியும் கூட நெடுநாள் இருந்தவர்களே. கங்காணி தன்கீழ் வேலை செய்தவர்களின் பெயரை அறிவான், குடும்பத்தை அறிவான், கடனையும் அறிவான். அவ்வறிவே விலங்காயிற்று. தொழிலாளியைக் கடனோடு தோட்டந்தோட்டமாய் மாற்றிய துண்டுமுறை 1921ஆம் ஆண்டிலே சட்டத்தினால் ஒழிக்கப்படுமளவும் அவ்விலங்கு கழலவில்லை. ஆதலால் எத்துணைக் காலம் இருந்தோம் என்பதோடு, யாராக இருந்தோம் என்பதும் வினாவப்படும். நம் சைவநூல்கள் சரியையைத் தாசமார்க்கம் என்றும் யோகத்தைச் சகமார்க்கம் என்றும் வகுத்துள்ளன. ஆண்டவனிடத்தே ஆளாய்த் தொடங்குபவன் தோழமையளவும் உயர்கின்றான். அவனடியாரிடத்தும் அவ்வாறே ஏவலாளராய்ப் புகுந்து தோழராய் நிற்றல் வேண்டும். எசமானராய்ப் புகுந்தவர் நூறாண்டு இருந்தாலும் அந்நியரே.

இனி, செய்யத்தக்கன சில சொல்லி முடிப்பாம். முதலாவது, சிறிது வாக்களித்து அதனை முழுதும் காத்தல். ஐந்து தோட்டங்களுக்கு ஒவ்வொருநாள் செல்லுதலினும் ஒரு தோட்டத்துக்கு ஐந்து வருடஞ் செல்லுதல் மேல். இரண்டாவது, அவர்களுடைய வேளைக்கு இசைதல். காலையிலே பிரட்டுக்களத்துக்குச் சென்று, பகலெல்லாங் கொழுந்தெடுத்து, மாலையிலே அடுப்பு மூட்டும் தாயை, நமக்கு வாய்த்த நேரத்திலே பிரசங்கங் கேட்க அழைப்பது நீதியன்று. மூன்றாவது, அவர்களிடத்தே கற்றல். மாரியம்மன் திருவிழாவையும் மாசிமாதத்துக் காமன் கூத்தையும் ஏட்டுப்படிப்பின் துணையின்றியே காத்துத் தந்தவர் அவர்கள். பத்ததி தெரியாதென்று அவற்றை இகழ்வோர் அங்கே போகாதிருத்தலே நன்று. நான்காவது, பணியை அவ்வூரார் கையிலே ஒப்புவித்தல். நாம் செல்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் வகுப்பு நடக்குமாயின், அன்றே நம் பணி பலித்தது.

இவையெல்லாம் அரிய செயல்களாயிற்றே என்று தளரவேண்டா. திருவாரூரிலே தண்டியடிகள் நாயனார் பிறவியிலே கண்ணிழந்தவர். கமலாலயத் திருக்குளத்தைக் கல்லவேண்டுமென்று கருதி, குளத்தினுள்ளே ஒரு தறியும் கரையிலே ஒரு தறியும் நட்டுக் கயிறு கட்டி, அதனைத் தடவித் தடவி இறங்கியும் ஏறியும் மண்சுமந்தார். அவர் ஒரேநாளிற் குளத்தை ஆழமாக்க முயன்றாரில்லை. ஒரு கூடை மண் எடுத்தார், கயிற்றைப் பற்றினார், கரையேறினார், மீண்டும் இறங்கினார். தவறாது செல்லும் ஒரு குறித்த நாளே நமக்கு அக்கயிறு. மேல்வருவது தெரியாவிடினும் அதனைப் பற்றிக்கொண்டு நடக்கலாம்.

ஆதலால், இதனைப் படிக்கும் மெய்யன்பரொவ்வொருவரும் தமக்கு அண்மையிலுள்ள ஒரு தோட்டத்தை இன்றே மனத்திற் குறித்துக்கொள்வாராக. ஒரு கிழமையையும் குறித்துக்கொள்வாராக. அந்நாளிலே கோயிற்படியிற் காத்திருக்கும் பிள்ளை, நாம் வருவோம் என்னும் நம்பிக்கையை இழவாதிருக்கும்படி எல்லாம்வல்ல சிவபெருமான் திருவருள் புரிவாராக.

திருச்சிற்றம்பலம்