பார்வையாளரின் கடன்

ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசலாமா? கேட்டவுடன் யாரும் இதைத் தத்துவக் கேள்வியாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மிஞ்சிப்போனால் பொது இடத்து நாகரிகம் என்பார்கள். காசு கொடுத்து உள்ளே வந்தவன் பேசினால் என்ன, பாடினால் என்ன என்றும் சிலர் கேட்பார்கள். ஆனால் இந்தச் சின்னக் கேள்விக்கு அடியில் பெரிய கேள்வி ஒன்று கிடக்கிறது. பார்ப்பது ஒரு செயலா, இல்லையா? செயல் அல்ல, வெறுமனே இருப்பதுதான் என்றால் பார்ப்பவனுக்குக் கடமையும் இல்லை, பிழையும் இல்லை. செயல்தான் என்றால், ஆடுபவனுக்கு இருப்பதுபோலவே பார்ப்பவனுக்கும் ஒரு தர்மம் இருந்தாக வேண்டும். இதை யோசிக்க ஆழ்வார்திருநகரி நல்ல இடம். பதினாறு ஆண்டு வாய் திறக்காமல் புளியமரத்தடியில் இருந்த நம்மாழ்வாரையும், அந்த மௌனத்தை ஒரு கேள்வியால் கலைத்த மதுரகவியையும் சேர்த்தே நினைக்கும் ஊர் அது. அந்த வட்டாரத்திலேயே, மணத்தி போன்ற ஊர்களில், விடிய விடியக் கபடி பார்க்கும் கூட்டமும் உண்டு.

கபடியிலிருந்தே தொடங்கலாம். 1994ஆம் ஆண்டு ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, பிறகு அர்ஜுனா விருதும் பெற்ற கணேசன் மணத்திக்காரர். தாமிரபரணிக் கரை ஊர்களில் பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் மின்னொளிக் கபடி நடத்தாவிட்டால் விழா நிறையாது. களத்தின் கோட்டுக்கு வெளியே இரண்டடி தள்ளி ஆட்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்பவர்கள். அதற்கும் பின்னால் பைக்கின் மேல் ஏறி நிற்பவர்கள். ஒருவர் பாடிப் போகிறார். ஒரே மூச்சில் ‘கபடி கபடி’ என்று விடாமல் சொல்ல வேண்டும். அது நடுவரின் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் அந்தப் பாய்ச்சல் செல்லாது. உலகத்தில் எத்தனையோ விளையாட்டு உண்டு. ஆடுபவனின் குரல் கேட்பதையே விதியாக வைத்திருக்கும் விளையாட்டு அபூர்வம். மூலையில் நிற்கும் பிடிகாரர் பின்னால் வந்து கணுக்காலைக் குறிவைக்கும்போது, கோட்டோரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் “பின்னால பாரு!” என்று கத்துகிறார். பாடிப் போனவர் திரும்பிவிடுகிறார், பிடி தவறுகிறது. இப்போது அந்தப் புள்ளியை எடுத்தது யார்? பார்ப்பது செயலா என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடை வேண்டியதில்லை. பார்ப்பவனின் வாய் களத்துக்குள் நுழைந்துவிட்டது. அதே வாய் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பார்வைக்குள்ளும் நுழையும். அங்கே விசில் ஊத நடுவர் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு வேதாந்தத்தின் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு வரும். ஒரே மரத்தில் இரண்டு பறவைகள், ஒன்று பழத்தைத் தின்கிறது, மற்றொன்று தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று முண்டக உபநிடதம் காட்டும் காட்சியில், பார்க்கும் பறவைதான் உயர்ந்தது. சாட்சி என்பவன் பற்றில்லாதவன், பேசாதவன். அப்படியானால் நல்ல பார்வையாளர் என்பவர் வாயைக் கட்டிக்கொண்டு, யார் ஜெயித்தாலும் ஒன்றே என்று இருப்பவர் அல்லவா? நாட்டிய சாஸ்திரமும் ஒரு வகையில் இந்தப் பக்கம் சாய்கிறது. ஒரு நிகழ்ச்சி வெற்றி பெற்றதா என்பதை அது பார்வையாளரை வைத்தே அளக்கிறது. அரங்கு நிறைந்திருக்க, சத்தமும் சலசலப்பும் இல்லாமல் எல்லாரும் ஒன்றிப்போவதைத் தெய்வ வெற்றி என்று உச்சத்தில் வைக்கிறது. ஆனால் அதோடு நிற்கவில்லை. புன்சிரிப்பு, வெடிச்சிரிப்பு, பாராட்டுக் குரல், ‘ஐயோ’ என்ற பரிதாபம், ஆரவாரம், மயிர்க்கூச்செறிதல், இருக்கையை விட்டு எழுந்துவிடுவது என்று ஒரு பட்டியலே கொடுத்து, இவையெல்லாம் மனித வெற்றியின் அடையாளங்கள் என்கிறது. வேண்டுமென்றே கூச்சலிடுவதையும் சாணியும் மண்ணாங்கட்டியும் எறிவதையும் தனியாக, இடையூறு என்ற கணக்கில் எழுதுகிறது. ஆக, அந்த நூலுக்குச் சத்தம் என்பதே குற்றமல்ல. கண்ட காட்சியிலிருந்து பிறந்த சத்தம் ஒரு சாதி. காட்சிக்குச் சம்பந்தமில்லாமல் வந்து விழும் சத்தம் வேறு சாதி. உபநிடதப் பறவைக்கோ பக்கத்து இருக்கை கிடையாது. கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்கும் நமக்கு அந்த உவமை பாதி வழிதான் வரும்.

மீதி வழிக்குப் பக்தி மரபைக் கேட்க வேண்டும். பகவத் கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன் தன் அடியாரை வருணிக்கும்போது, அவர்கள் ஒருவருக்கொருவர் தன்னைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறவர்கள் என்கிறான். வாய் மூடியவர்கள் என்று சொல்லவில்லை. திருக்கோவலூர் இடைகழியில் மழை இரவில் முதலாழ்வார்கள் மூவரும் சந்தித்த கதையும் அதுதான். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கத்தான் முடியும் என்ற அளவு இடம். அந்த நெருக்கடியில் அவர்கள் தமக்குள் பேசி அனுபவித்துக்கொண்டிருந்தபோதுதான் நான்காவதாகப் பெருமாளே வந்து நெருக்குவதை உணர்ந்தார்கள். பேச்சு அங்கே காட்சியை விரட்டவில்லை, வரவழைத்தது. அரையர் சேவையிலும் இதைப் பார்க்கலாம். ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி என்று சில தலங்களில் மட்டுமே இன்றும் நிற்கும் கலை அது. கூம்புக் குல்லாயும் கையில் தாளமுமாக அரையர் பாசுரத்தைப் பாடுவார், அபிநயம் பிடிப்பார், பிறகு அதற்கு வியாக்கியானமும் சொல்வார். முத்துக்குறி என்ற கட்டத்தில் ஒரே ஆள்தான் தாய், அவரே மகள், அவரே குறி சொல்லும் கட்டுவிச்சி. வேஷம் மாறாது, திரை விழாது. முதல் தடவை வந்தவருக்கு இப்போது பேசுவது தாயா மகளா என்று தெரியாமல் திகைப்பு வரும். அந்த நேரத்தில் பக்கத்துப் பெரியவர் காதோடு காதாக “இது கட்டுவிச்சி” என்று ஒரு சொல் சொன்னால் அவரது பார்வை திறந்துவிடும். அதே பெரியவர் அதே தாழ்ந்த குரலில் ரயில் டிக்கெட்டைப் பற்றிப் பேசினால் பார்வை மூடிவிடும். குரலின் அளவு ஒன்றுதான். அப்படியானால் ஒழுக்கத்தை டெசிபலில் அளக்க முடியாது.

எதில் அளப்பது? அந்தப் பேச்சு பக்கத்தில் இருப்பவரின் பார்வைக்கு எதையாவது கூட்டியதா, அல்லது அதிலிருந்து எடுத்துக்கொண்டதா என்பதில்தான். ஒரு கூட்டத்தின் கவனம் தனித்தனியாகப் பையில் போட்டுக்கொண்டு வந்த பொருள் அல்ல, பொதுவில் ஓடுவது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தென்காலில் இறங்கும் தண்ணீர் மாதிரி: தலைமடைக்காரன் தன் வயலுக்குத்தானே என்று மடையைத் திறந்து வைத்துக்கொண்டால், கடைமடைக்காரன் ஏன் என்று தெரியாமலே காய்ந்து நிற்பான். பேசுபவருக்குத் தான் எடுத்தது தெரியாது. அவர் இரண்டு நிமிடம் வீட்டுக் கதை சொல்லி முடித்துவிட்டுத் திரும்பி ஆட்டத்துக்குள் போய்விடுவார். அவருக்கு முன்னால் இருந்தவர் தவறவிட்ட ஒரு பிடியோ ஒரு பந்தோ திரும்பி வராது. விளையாட்டுக்கும் மற்றக் கலைகளுக்கும் உள்ள வேறுபாடு இங்கே முக்கியம். அரையர் அடுத்த ஆண்டும் அதே பாசுரத்தைப் பாடுவார். இன்றைய ஆட்டத்தின் கடைசிப் பாய்ச்சல் ஒரு தடவைதான் நடக்கும். அதன் முடிவு இன்னும் யாருக்கும் தெரியாது என்பதுதான் அதன் உயிர். அதனால்தான் டீக்கடையில் எல்லாரும் நேரலை பார்த்துக்கொண்டிருக்கும்போது, கைபேசியில் ஸ்கோரை முன்கூட்டியே பார்த்துவிட்டு “அவுட்டு!” என்று அறிவிப்பவர் மீது அவ்வளவு எரிச்சல் வருகிறது. ஒளிபரப்பு சில நொடிகள் பின்தங்கி வருவது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் அந்தச் சில நொடி அறியாமை எல்லாருக்கும் சேர்ந்து கிடைத்த சொத்து. அதை ஒருவர் எடுத்துச் செலவழித்துவிட்டார்.

எப்போது பேசலாம் என்பதற்கு வெளியிலிருந்து சட்டம் கொண்டுவர வேண்டியதில்லை. ஆட்டமே சொல்லித் தருகிறது. டெஸ்ட் கிரிக்கெட்டில் ஒரு நாளைக்கு 90 ஓவர், அதாவது 540 பந்து. பந்துவீச்சாளர் ஓடி வருவதிலிருந்து பந்து நிற்பதுவரை பத்து நொடி என்று தாராளமாகக் கணக்குப் போட்டாலும் ஒன்றரை மணி நேரம்தான் ஆகிறது. ஆறு மணி நேர ஆட்டத்தில் மீதி நாலரை மணி நேரமும் இடைவெளி. அந்த இடைவெளி பேசுவதற்கென்றே விட்டுவைத்ததுபோல் இருக்கிறது. பழைய ஆட்டக்காரர்களை ஒப்பிடுவதும், பீல்டிங்கை மாற்றி வைப்பதும், வீட்டுச் செய்தி விசாரிப்பதும் அங்கே பிழையே அல்ல. கபடியில் ஒரு பாய்ச்சலுக்கு 30 நொடி. அது முடிந்தால் எதிரணி ஐந்து நொடிக்குள் தன் ஆளை அனுப்பியாக வேண்டும். இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதி, நடுவில் ஓர் இடைவேளை. அங்கே ஒரு சொல்லுக்கும் ஒரு கூச்சலுக்கும் இடம் உண்டு, கதைக்கு இடம் கிடையாது. சதுரங்கத்திலோ இடைவெளியே ஆட்டம். ஒருவர் அரை மணி நேரம் அசையாமல் இருப்பதுதான் அங்கே மும்முரமான கட்டம். அதனால்தான் நடக்கும் ஆட்டத்தைப் பற்றி அரங்குக்குள் பார்வையாளர் பேசக் கூடாது என்று விதியே வைத்துவிட்டு, பேச ஆசைப்படுபவர்களுக்கு வெளியே தனி வருணனை ஏற்பாடு செய்கிறார்கள். கபடிக் கூச்சலைச் சதுரங்கத்துக்குக் கொண்டுபோவது எவ்வளவு தவறோ, சதுரங்கத்து மௌனத்தைக் கபடியிடம் எதிர்பார்ப்பதும் அவ்வளவு தவறு.

இங்கே வலுவான ஒரு மறுப்பு உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பார்வையாளர் ஒழுக்கம் என்ற பேச்சே மேல்தட்டு மனிதர்கள் மற்றவர்களை வெளியே நிறுத்தக் கண்டுபிடித்த உபாயம் என்பதே அது. சத்தம் போடாதே, எழுந்து நிற்காதே, இங்கே உட்காராதே என்ற வரிசையில் முதலிரண்டும் நாகரிகம்போலத் தோன்றினாலும் மூன்றாவதுதான் உள்நோக்கம் என்பதற்கு நம் ஊர்களின் வரலாறே சாட்சி. கோயிலிலும் சரி, மைதானத்திலும் சரி, யார் எங்கே நிற்கலாம் என்பதை மரியாதை என்ற பெயரில்தான் வகுத்தார்கள். இதற்கு விடை, ஒழுக்கமே வேண்டாம் என்பதல்ல. எந்த ஒழுக்கம் என்று கேட்பதுதான். தகுதியை வைத்து ஆளைப் பிரிக்கும் ஒழுக்கம் ஒன்று. கவனத்தைப் பொதுவில் காக்கும் ஒழுக்கம் மற்றொன்று. வயதில் மூத்த அந்தணரான மதுரகவி, வேளாளர் குலத்தில் பிறந்த இளைஞரான நம்மாழ்வாரின் முன்னால் கைகட்டி நின்றது முதல் வகை ஒழுக்கத்தை உடைத்த செயல். ஆனால் அவர் இரண்டாம் வகையை விடவில்லை: வந்தார், காத்திருந்தார், உயிர் உடலுக்குள் எப்படி வாழ்கிறது என்ற ஒரே கேள்வியைக் கேட்டார், பதிலுக்கு முழுதாகக் காது கொடுத்தார். பதினாறு ஆண்டு மௌனத்தைக் கலைக்க அந்தக் கேள்விக்குத் தகுதி இருந்தது. தரை டிக்கெட்டில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துபவரிடம் இந்த இரண்டாம் வகை ஒழுக்கம் நிறைந்திருக்கலாம். குளிரூட்டிய கண்ணாடி அறையில் முதுகைக் களத்துக்குக் காட்டிக்கொண்டு, தாழ்ந்த குரலில் வியாபாரம் பேசுபவரிடம் துளியும் இல்லாமல் போகலாம்.

கூச்சல்தானே விளையாட்டின் உயிர், அதைப் போய் ஏன் எடை போடுகிறாய் என்று இன்னொருவர் கேட்கலாம். உயிர்தான், சந்தேகமில்லை. 2020இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆளில்லாத மைதானங்களில் ஐபிஎல் நடந்தபோது, பதிவு செய்த ஆரவாரத்தை ஒளிபரப்பில் கலந்து கொடுத்தார்கள். குரல் இல்லாத ஆட்டத்தைப் பார்க்க மனம் கூசியது. ஆனால் அங்கே விடுபட்டது எது என்று கவனிக்க வேண்டும். பக்கத்து வரிசையின் அரட்டையை யாரும் பதிவு செய்து சேர்க்கவில்லை. ஆட்டத்துக்கு மறுமொழியாக எழும் குரலைத்தான் சேர்த்தார்கள். அந்தக் குரல் எவ்வளவு தூரம் உயர முடியும் என்பதற்குச் சென்னைச் சேப்பாக்கம் சாட்சி. 1999 ஜனவரி 31 அன்று 271 என்ற இலக்கைத் துரத்திய இந்தியா, டெண்டுல்கர் 136 ஓட்டம் எடுத்தும், 12 ஓட்டத்தில் பாகிஸ்தானிடம் தோற்றது. ஒரு கணம் ஊமையான கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்து அதை ஏற்றுக்கொண்டார்கள். தன் அணியின் தோல்வியால் கண் மறைக்கப்படாமல், நடந்தது நடந்தபடி தெரிந்தவர்களால்தான் அப்படிக் கைதட்ட முடியும். தன் சொந்த இன்ப துன்பத்திலேயே மூழ்கிக்கிடப்பது ரசனைக்கு ஒரு தடை என்று அபிநவகுப்தர் நாடகத்தைப் பற்றி எழுதியது இந்த இடத்தில் அப்படியே பொருந்தும். இடைவிடாத அரட்டையும் அதே தடைதான். வீட்டை விட்டு வந்த பிறகும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது.

ஆழ்வார்திருநகரியில் 1370இல் பிறந்த மணவாள மாமுனிகள் பற்றி வைணவ மரபு சொல்லும் செய்தி ஒன்று இந்த வாதத்தை முடித்துவைக்கும். ஸ்ரீரங்கத்தில் அவர் நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு ‘ஈடு’ என்ற வியாக்கியானத்தை ஏறக்குறைய ஓராண்டு சொன்னார்; அதைக் கேட்பதற்காக அவ்வூர்ப் பெருமாளான நம்பெருமாள் தன் உற்சவங்களையே நிறுத்திவைத்தார் என்கிறார்கள். வரலாறாக எடுத்தாலும் சரி, நம்பிக்கையாக எடுத்தாலும் சரி, அதில் உள்ள கருத்து தெளிவானது. ஆண்டவனே கேட்பவனாக வந்து உட்கார்ந்தாலும் முதலில் செய்ய வேண்டியது, தன் சொந்த ஊர்வலத்தைச் சற்று நிறுத்துவது. கேட்டு முடித்த பிறகு அவர் சும்மா போய்விடவும் இல்லை. சிறுவன் வடிவில் வந்து ஆசாரியருக்குத் தனியன் என்ற துதிச் சுலோகத்தைச் சமர்ப்பித்தார் என்பதும் அதே மரபுதான். பார்வையாளரின் கடன் இந்த இரண்டும் சேர்ந்தது: நடக்கும்போது தன்னை நிறுத்திவைப்பது, நடந்ததற்குப் பிறகு தன் சொல்லைத் தருவது. கபடிக்குச் சில நொடி, கிரிக்கெட்டுக்கு ஒரு பந்து, சதுரங்கத்துக்கு முழு மாலை என்று நிறுத்திவைக்கும் நேரம் மாறலாம். ஆனால் அந்த நேரத்தில் நான் பேசுவது பக்கத்தில் இருப்பவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்க உதவுமா என்ற கேள்வி மாறாது. உதவும் என்றால் தாராளமாகப் பேசலாம், கத்தவும் செய்யலாம். உதவாது என்றால் அடுத்த இடைவெளிவரை பொறுக்க வேண்டியதுதான். காசு கொடுத்து வாங்கியது ஓர் இருக்கை. பக்கத்து இருக்கையின் கண்ணும் காதும் அந்த விலையில் அடங்கவில்லை.