பொருளைப் பிரிந்த சொல்

புதுவாயல் கூட்டுச்சாலையில் பெரியபாளையம் பஸ்ஸுக்காக டீக்கடைப் பெஞ்சில் காத்திருந்தபோது, இரவு ஷிப்டு முடிந்து வந்த வாலிபன் ஒருவன் என் அருகில் அமர்ந்து, கோடுபோட்ட நோட்டை மடியில் விரித்து, உதடுகள் மட்டும் அசைய எதையோ உருப்போட்டுக்கொண்டிருந்தான். ஸ்கிராபிள் என்னும் சொல்லாட்டத்துக்கு உதவும் அபூர்வமான ஆங்கிலச் சொற்கள் அவை. கூரைக்கான கற்பலகையை வெட்டும் கருவியாகிய 'ஸாக்ஸ்', மலைச்சரிவில் கிண்ணம்போல் குடைந்த பள்ளத்துக்கு வேல்ஸ் மொழி தந்த 'கூம்', உயிர்ச்சக்திக்குச் சீனர் இட்ட 'சீ' ஆகிய யாவும் அதில் இருந்தன; ஒன்றுக்கேனும் அர்த்தம் எழுதப்படவில்லை. கேட்டேன்.

"அர்த்தம்லாம் எதுக்கு சார்? போர்டுல செல்லுமா செல்லாதான்னு தெரிஞ்சா போதும்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. நியூசிலாந்துக்காரராகிய நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு மொழி பேசத் தெரியாத நிலையிலேயே அதன் சொற்பட்டியலைச் சில வாரங்களில் மனனம் செய்து, 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அந்த நினைவாற்றலை வணங்குகிறேன். ஆயினும், அர்த்தத்தை நீக்கிவிட்ட பின் எஞ்சுவது சொல்தானா என்ற வினா என்னை விடவில்லை.

வினா பழையது. வேத மந்திரங்களுக்கு அர்த்தமே இல்லை என்று கௌத்ஸர் வாதித்ததை யாஸ்கர் தம் வேதச் சொல்லாராய்ச்சி நூலாகிய நிருக்தத்தில் எடுத்துக்கூறி, விளங்காமை கேட்பவனுடைய குறையேயன்றி மந்திரத்தின் குறையன்று என்ற கருத்துப்பட மறுத்தார். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள சம்பந்தம் நித்தியமானது என்று மீமாம்சைத் தத்துவத்தாரும், ஏற்படுத்திக்கொண்ட சங்கேதமே என்று நியாயத் தத்துவத்தாரும் வாதிட்டபோதிலும், சம்பந்தமே இல்லையென்று இரு சாராரும் சொல்லவில்லை. அருகிலுள்ள சிறுவாபுரி முருகனுக்குச் செவ்வாய்தோறும் திருப்புகழ் பாடும் பெண்களுள் பலருக்கு அதன் ஒவ்வொரு பதமும் விளங்காதிருக்கலாம். ஆனால் தமக்கு விளங்காத அர்த்தம் முருகனுக்கு விளங்கும் என்ற விசுவாசத்தோடு அவர்கள் பாடுகிறார்கள். அறியாமை வேறு, இல்லையென்று மறுத்தல் வேறு.

மறுத்தலின் கேட்டை 2020-இல் கண்டோம். வட அமெரிக்க ஸ்கிராபிள் ஆட்டக்காரர் சங்கம் இழிசொற்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்க முற்பட்டபோது, பலகைமேல் சொல்லுக்குப் பொருள் கிடையாது, புள்ளி மட்டுமே உண்டு என்று ஆட்டக்காரர் சிலர் எதிர்த்தனர். அச்சொற்களால் வாழ்நாள் முழுதும் அடிபட்ட ஒருவன் அதே பலகையின் எதிர்ப்புறத்தில் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வாலிபனின் நோட்டை வாங்கி, பக்கத்தைப் புரட்டி, 'பரையா' என்ற சொல்லைக் காட்டினேன். ஆங்கிலத்தில் ஆறு எழுத்து, ஆட்டத்தில் பதினொரு புள்ளி. உயிர்ச்சக்தியைக் குறிக்கும் 'சீ'க்கும் அதே பதினொன்றுதான். விலக்கப்பட்டவன் எவனுக்கும் ஆங்கிலம் இட்டு வழங்கும் இப்பெயர், பறை முழக்கிய நம் மக்களின் பெயரிலிருந்து கடல் கடந்து போனது என்றும், அவர்கள் பட்ட அவமானத்தையே அர்த்தமாகக் கட்டிக்கொண்டு அகராதியில் அமர்ந்திருக்கிறது என்றும் சொன்னேன்.

"நம்ம ஊரு வார்த்தையா சார் இது?" என்றவன், வெகுநேரம் பேசவில்லை.

பஸ் வந்தது. ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். ஆங்கில எழுத்துகளே நிறைந்த அந்தப் பக்கத்தில், அச்சொல்லுக்கு அருகே, 'பறை' என்று தமிழில் எழுதிக்கொண்டிருந்தான்.