எந்த உறுப்பில் இருக்கிறது லாரி?

பாடி கட்டுவதற்காக நாமக்கல் பட்டறைக்கு வந்து சேரும் புது வண்டி இன்னும் லாரி ஆகியிருக்காது. இரண்டு நீள இரும்புச் சட்டங்கள், எஞ்சின், கியர் பெட்டி, அச்சுகள், சக்கரங்கள், முன்னால் ஒரு கௌல் தகடு, அவ்வளவுதான். கதவும் கிடையாது, கூரையும் கிடையாது. தற்காலிக இருக்கையில் உட்கார்ந்து, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு டிரைவர் அதை நெடுஞ்சாலையில் ஓட்டி வருவார். இருந்தும் அந்த எலும்புக்கூட்டுக்கு அதற்குள் ஓர் எண் உண்டு, தற்காலிகப் பதிவு உண்டு, இன்சூரன்ஸ் உண்டு, பெரும்பாலும் கடனும் உண்டு. அதே சேஸிஸ் நாமக்கல்லில் கேஸ் டேங்கராகவோ சரக்கு லாரியாகவோ ஆகலாம். திருச்செங்கோட்டுக்குப் போனால் போர்வெல் ரிக்கைச் சுமக்கலாம். பார்ப்பவர் கண்ணுக்கு வண்டி என்று தெரிவதெல்லாம் பட்டறையில் பிறக்கிறது. சட்டத்தின் கண்ணுக்கோ அது முன்பே பிறந்துவிட்டது. பல கைகள் பல கட்டங்களில் செய்து முடிக்கும் ஒரு பொருளில், அதை அதுவாக்குவது எது என்ற பழைய கேள்வி இந்த வட்டாரத்தில் தினமும் வெல்டிங் பொறிக்கு நடுவே எழுகிறது.

இந்தியத் தத்துவம் இதைத் தேரை வைத்தே பேசியது. 'மிலிந்த பண்ஹ' என்னும் பாலி நூலில் நாகசேனர் மிலிந்த மன்னனிடம் அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். எதுவும் தேர் அல்ல, எல்லாம் சேர்ந்த இடத்தில் வழங்கும் பெயரே தேர் என்பது அவர் காட்டும் முடிவு. நியாய வைசேடிகர் இதை ஏற்கவில்லை. உறுப்புகளிலிருந்து முழுமை என்னும் புதுப் பொருள் உண்டாகி அவற்றிலேயே தங்குகிறது என்றார்கள். அவர்கள் கணக்கில் துணியில் ஓர் இழை கூடினாலும் பழைய துணி அழிந்து வேறு துணி பிறக்கிறது. இதை அப்படியே ஏற்றால் கதவு மாற்றிய லாரி வேறு லாரி. ஆர்.டி.ஓ. அலுவலகம்கூட அவ்வளவு கறார் இல்லை.

தமிழில் இதற்குக் கூர்மையான கருவி மணிமேகலையில் கிடைக்கிறது. அதன் கடைசிக் காதையான 'பவத்திறம் அறுகெனப் பாவை நோற்ற காதை' சொல் வழக்குகளை நான்காகப் பிரிக்கிறது. அவற்றில் இரண்டு இங்கே பயன்படும். பல சேர்ந்ததை உடம்பு, நீர், நாடு என்று ஒரு பெயரால் சொல்வது தொகை. வித்து, முளை, தாள் என்று மாறிக்கொண்டே போவதை நெல் என்ற ஒரே பெயரால் சொல்வது தொடர்ச்சி. ஒரு லாரியை லாரி என்பது தொகை வழக்கு. பத்து வருடத்துக்கு முன் வாங்கிய அதே லாரி என்பது தொடர்ச்சி வழக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பும்போதுதான் புதிர் முளைக்கிறது. பலகை பலகையாக மாற்றப்பட்ட தீசியஸின் கப்பல் பற்றி புளூட்டார்க் எழுதியதும், கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து இன்னொரு கப்பல் கட்டினால் எது அசல் என்று 1655இல் ஹாப்ஸ் கேட்டதும் இந்தக் குழப்பத்தின் வேறு முகங்களே.

பட்டறை இந்தப் பிரிவினையை இரும்பில் செய்து காட்டுகிறது. சரக்குப் பாடியைச் சேஸிஸ் சட்டத்தோடு நேரடியாக வெல்டு செய்வதில்லை. சட்டத்தின் மேல் மரக்கட்டையோ ரப்பரோ வைத்து, அதன்மேல் பாடியின் நீளச் சட்டத்தை உட்காரவைத்து, யூ போல்ட் போட்டு இறுக்குவார்கள். சுமை ஏறும்போது அதிக இழுவிசையும் அமுக்கமும் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில்தான் விழுகின்றன. அங்கே துளை போட்டால் விரிசல் அதிலிருந்து தொடங்கும். வெல்டிங் சூடு பட்டால் பதப்படுத்திய எஃகின் பலம் அந்த இடத்தில் போய்விடும். மேலும், மேடுபள்ளத்தில் சேஸிஸ் முறுக்கிக்கொண்டு நெளிய வேண்டும். பாடி அதை விறைப்பாகப் பிடித்தால் இரண்டில் ஒன்று உடையும். நடுவில் நசுங்கிக் கொடுக்கும் கட்டைதான் இரண்டையும் காப்பாற்றுகிறது. ஆகவே பாடி சேஸிஸில் கலப்பதில்லை, அமர்கிறது. போல்ட்டைக் கழற்றினால் இரண்டும் தனித்தனி.

அரசாங்கக் காகிதமும் இப்படித்தான் இருக்கிறது. முழு வண்டியாகத் தொழிற்சாலையிலிருந்து வந்தால் தயாரிப்பாளர் தருவது படிவம் 22. பாடி தனியாகக் கட்டப்பட்டால் படிவம் 22ஏ. அதில் ஒரு பகுதிக்குத் தயாரிப்பாளரும் மறு பகுதிக்குப் பாடி கட்டியவரும் கையெழுத்திட வேண்டும். கட்டி முடியும்வரை பட்டறையில் நிற்கும் சேஸிஸுக்குத் தற்காலிகப் பதிவை நீட்டித்துத் தர மோட்டார் வாகன விதிகள் இடம் கொடுக்கின்றன. ஒரு பொருளுக்கு இரண்டு கர்த்தாக்கள் இருக்கலாம், தான் செய்ததற்கு ஒவ்வொருவரும் பதில் சொல்ல வேண்டும் என்பதைச் சட்டம் எந்தத் தத்துவச் சர்ச்சையும் இல்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்த விடைகளில் உருப்படியானது இதுதான் என்று சொல்லலாம்.

சாப்பர் மோட்டார் சைக்கிள் கட்டுபவருக்கு இந்த வசதி இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் வண்டியிலிருந்து மட்கார்டு முதலிய பாரங்களைக் கழற்றி எறிவதில் தொடங்கிய பழக்கம், 1960களில் இரும்புச் சட்டத்தையே வெட்டி ஒட்டும் கலையாக வளர்ந்தது. 1969இல் வந்த 'ஈஸி ரைடர்' படம் அதை உலகம் முழுக்கப் பரப்பியது. இந்தியாவில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் அகப்படுவது புல்லட். சாப்பரின் உயிர்நிலை முன் ஃபோர்க்கின் சாய்வு. சாதாரண பைக்கில் அது செங்குத்திலிருந்து 24 முதல் 30 டிகிரி வரை இருக்கும்; சாப்பரில் 40ஐத் தொடுவதும் உண்டு. சாய்வு கூடும்போது, ஹேண்டில் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரமும் கூடுகிறது. நேர் சாலையில் வண்டி அசையாமல் போகும். சந்தில் மெதுவாகத் திருப்பினால் முன் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழப் பார்க்கும். இந்தச் சாய்வுக்காகக் கட்டுபவர் ஹேண்டில் திரும்பும் கழுத்தை அறுத்து, கோணம் மாற்றி, மறுபடி வெல்டு செய்கிறார். பெரும்பாலான பைக்குகளில் சேஸிஸ் எண் பொறிக்கப்பட்டிருப்பதும் அதே கழுத்தில்தான்.

நாமக்கல் பட்டறை தயாரிப்பாளர் நிறுத்திய இடத்தில் தொடங்குகிறது. சாப்பர் பட்டறை தயாரிப்பாளர் முடித்ததைப் பிரித்துத் தொடங்குகிறது. இரண்டிலும் கைத்திறன் ஒன்றுதான், சில சமயம் ஒரே வெல்டர்கூட. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, பதிவான வண்டியின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அசல் விவரங்களிலிருந்து வேறுபடும்படி உரிமையாளர் மாற்றக்கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதி செய்தது. அதே வகை எஞ்சினை மாற்றுவது, எரிவாயுவுக்கு மாற்றுவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் வழி உண்டு. பதிவுக்கு முன் கட்டினால் கர்த்தா, பின் கட்டினால் குற்றவாளி. கேட்க அநியாயமாகப் படும். ஆனால் சட்டம் இங்கே அழகையோ திறனையோ எடைபோடவில்லை. அறுத்து ஒட்டிய கழுத்து 80 கிலோமீட்டர் வேகத்தில் விட்டுப்போனால் யார் பொறுப்பு என்று கேட்கிறது. அதற்குக் கையெழுத்திடும் படிவம் சாப்பர் கட்டுபவருக்கு இல்லை.

சமயம் இதே சிக்கலைக் கையெழுத்தால் அல்ல, சடங்கால் தீர்த்தது. திருவாரூர் ஆழித்தேர் 1920களில் எரிந்தது. புதிதாகச் செய்த தேர் 1930இல் ஓடியது. பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தது. மரமும் பழையதல்ல, சக்கரமும் பழையதல்ல. ஆனாலும் அது வேறு தேர் என்று வடம் பிடிப்பவர் யாரும் சொல்வதில்லை. கோயில் திருப்பணியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பாலாலயம் செய்து மூர்த்தியின் கலைகளைக் கும்பத்துக்கோ சித்திரப் பலகைக்கோ மாற்றிவிட்டுத்தான் சன்னிதியில் உளி விழும். வேலை முடிந்து கும்பாபிஷேகத்தில் அவை திரும்பும். கல் மாறலாம், ஆனால் நடுவில் ஒரு கணமும் அறுபடக் கூடாது என்பதே விதி. மணிமேகலை தொடர்ச்சியை வெறும் சொல் வழக்கு என்று விட்டது. ஆகமம் அதை ஒரு கடமையாக்கியது.

ராஜஸ்தானின் பாலி அருகே ஓம் பன்னா கோயிலில் கண்ணாடிக்குள் நிற்கும் புல்லட் எதிர்முனை. 1988இல் விபத்தில் இறந்தவரின் வண்டி அது. காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனாலும் தானாக அதே இடத்துக்குத் திரும்பியது என்பது நம்பிக்கை. அங்கே வேறு புல்லட் உதவாது. அதே இரும்புதான் வேண்டும். ஆயுத பூஜையில் நாமக்கல் பட்டறையில் பாதி கட்டிய வண்டிக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் வைக்கும் சந்தனப் பொட்டு இந்த இரண்டு வகையிலும் சேராது. அது பொருளின் அடையாளத்தைக் கேட்பதில்லை, அது செய்யும் வேலையை வணங்குகிறது.

சட்டமோ வண்டியின் அடையாளத்தைச் சேஸிஸ் எண்ணில் தேடுகிறது. திருட்டு வண்டியின் எண்ணை அரத்தால் ராவி அழித்தாலும் முழுதாக அழிவதில்லை. எண் அடித்த அடியில் மேற்பரப்புக்குக் கீழேயும் உலோகம் அழுந்தியிருக்கும். தடயவியலார் அமிலம் தடவினால் அந்த இடம் வேறு விதமாக அரிக்கப்பட்டு எண் மறுபடி தெரியும். ஆயுள் முடிந்த வண்டியை அங்கீகாரம் பெற்ற இடத்தில் உடைக்கும்போது, சேஸிஸ் எண் பொறித்த துண்டைத் தனியே அறுத்துப் பாதுகாப்பாக வைக்க வேண்டும், பதிவும் ரத்தாகும். பாடிக்கு இப்படி எந்த நடைமுறையும் இல்லை. நல்ல பலகை வேறு வேலைக்குப் போகும், தகடு எடைக்குப் போகும்.