குந்துவதற்கு ஒரு முழங்கால்

‘முட்டி தேய்ஞ்சு போச்சு’ என்று சொல்லும்போது நம் மனதில் இருப்பது செருப்பு, டயர், பிரேக் கட்டை மாதிரியான ஒன்று. உபயோகித்தால் குறைகிற பொருள். முழங்கால் அந்தக் கணக்குக்குள் முழுதாக அடங்குவதில்லை. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான திரவம்தான் அதற்குச் சோறு. பஞ்சை அழுத்தி விடுவதுபோல் எடை ஏறி இறங்கும்போது அந்தச் சோறு உள்ளே போகிறது. அசையாத முட்டி பட்டினி கிடக்கும். நரம்பும் கிடையாது என்பதால் அது கெட ஆரம்பிக்கும்போது நமக்குத் தெரியாது. சுற்றியிருக்கும் சவ்வும் அடியில் இருக்கும் எலும்பும் வலிக்கும்போதுதான் தெரியும்.

கதவுக் கீல் என்றும் சொல்கிறார்கள். கீல் ஒரே அச்சில் சுழலும். தொடை எலும்பின் இரண்டு உருண்டைகளும் கீழ்க்கால் எலும்பின் தட்டையான மேல்பரப்பில் உருண்டுகொண்டே சறுக்கவும் செய்கின்றன. வெறுமனே உருண்டால், முழுதாக மடக்குவதற்குள் பின்பக்கம் விழுந்துவிடும். குறுக்காக ஓடும் இரண்டு ஜவ்வுகள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. காலை நீட்டும்போது கடைசிச் சில டிகிரிகளில் கீழ்க்கால் லேசாக வெளிப்பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்கிறது. ரேஷன் கடை வரிசையில் தொடைத் தசை அதிகம் களைக்காமல் நிற்க முடிவதில் இந்தப் பூட்டுக்கும் பங்கு உண்டு. பூட்டைத் திறக்க முழங்காலுக்குப் பின்னால் ஒரு சின்னத் தசை. முட்டிச் சில்லு ஒரு நெம்புகோல் வேலை பார்க்கிறது. எஞ்சினியரிங் படித்தவனுக்கு இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும்.

என்னை உறுத்துவது வேறொரு எண். மடங்கும் கோணம். சமதரையில் நடக்க 60, 70 டிகிரி போதும். படி ஏற இறங்க 90 சொச்சம். நாற்காலியிலிருந்து எழ 100 பக்கம். குந்தி உட்கார 130-ஐத் தாண்டி 150 வரை போகும். இதில் எது ‘நார்மல்’?

இன்றைய செயற்கை முழங்காலின் முன்னோடி 1974-இல் நியூயார்க்கில் ஜான் இன்சாலும் அவருடைய சகாக்களும் பொருத்தியது. அதன் வாரிசுகள் பொதுவாக 110, 120 டிகிரி மடங்குகின்றன. நடக்கலாம், படி ஏறலாம், நாற்காலியில் உட்காரலாம். எங்கள் தொழிலில் ‘ரிக்வயர்மென்ட்’ என்று ஒன்று எழுதுவோம். அதில் வராததை ‘எட்ஜ் கேஸ்’ என்று தள்ளி வைப்போம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த ரிக்வயர்மென்ட்டில் தரை இல்லை. ஆசியாவில் பாதிப் பேர் எட்ஜ் கேஸ்.

2017 ஆகஸ்டில் மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் உபகரணங்களுக்கு உச்சவரம்பு விலை வைத்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற சாதாரண கோபால்ட் குரோமியம் முட்டி, வரி நீங்கலாக 54,720 ரூபாய்க்கு வந்தது. நல்ல காரியம். அதே பட்டியலில், அதிகம் மடங்கும் ரகத்துக்குத் தனி வரி: 56,490. வித்தியாசம் 1,770 ரூபாய். ஒரு அரசாணையில் தரைக்கு விலை போட்டு நான் பார்த்தது அங்கேதான். அந்த ரகம் போட்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக அதிகம் மடக்கினார்கள் என்று பெரும்பாலான ஆய்வுகள் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் அரியாங்குப்பத்தில் வீராம்பட்டினத்திலிருந்து வந்து மீன் விற்கும் ஒரு அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் வலி. கீழே உட்காராதீங்க, நாற்காலியில உட்காருங்க என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். “நாற்காலி போட்டுக்கினு மீன் அரிய முடியுமா தம்பி? அருவாமனைய யாரு மிதிப்பா?” என்றார். கேள்வி நியாயமானது. அருவாமனை என்பது உடம்பு எடையைக் கிளாம்ப்பாக வைத்து வேலை செய்யும் கருவி. கால் மனையை அழுத்த, இரண்டு கையும் மீனுக்கு. குந்தினால்தான் அந்தக் கருவி முழுமையாகிறது. எனக்கு அறிவுரையாக இருக்கும் அதே வாக்கியம் அவருக்குத் தொழிலை விடு என்று கேட்கிறது.

டாக்டர் சொன்னது தப்பில்லை. ‘நம் முன்னோர் குந்தினார்கள், அதனால் முட்டி பலமாக இருந்தது’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பெருமையை நான் நம்பவில்லை. 2004-இல் வெளியான பெய்ஜிங் ஆய்வில், இளவயதில் தினமும் நெடுநேரம் குந்தியவர்களுக்கு முதுமையில் மூட்டுத் தேய்மானம் கூடுதலாக இருந்தது. முழுதாகக் குந்தும்போது தொடை கெண்டைக்காலில் சாய்ந்து கொஞ்சம் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் தினம் அஞ்சாறு மணி நேரம், முப்பது வருஷம் என்பது கால்மணி நேர யோகாசனம் இல்லையே.

ஆக, தரை கெடுக்கிறது, தரையை விடவும் முடியாது. இங்கே யார் யாருக்கு வளைந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. இதற்கு ஒரு பதில் ஏற்கெனவே ஜெய்ப்பூரில் கிடைத்திருக்கிறது. குந்த முட்டி மட்டும் போதாது, கணுக்காலும் மடங்க வேண்டும். மேலைநாட்டுச் செயற்கைப் பாதம் மடங்காது, ஷூவும் போட்டாக வேண்டும். வாங்கிப்போனவர்கள் அதைக் கழற்றி மூலையில் வைத்தார்கள். நோயாளிக்கு ஒத்துழைப்பு இல்லை என்று ஃபைலில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். 1960-களின் கடைசியில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் ரப்பரில் வேறு பாதம் செய்தார்கள். வெறுங்காலோடு நடக்கலாம், வயலில் இறங்கலாம், குந்தலாம். மனிதர் எப்படி வாழ்கிறாரோ அதை ரிக்வயர்மென்ட்டாக எடுத்துக்கொண்டார்கள். முட்டிக்கு அதைச் செய்வது இன்னும் கஷ்டம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடையை மாற்றுவது அவ்வளவு கஷ்டமா?

அந்த அம்மாவிடம் மேசை போட்டு நின்றுகொண்டு அரியலாமே என்றேன். நான் ஒருத்தி மட்டும் மேசை போட்டால் பக்கத்துக் கூடையில் இருக்கும் மீன் யார் கண்ணுக்கும் தெரியாது, சண்டை வரும் என்றார். “போட்டா வரிசையா எல்லாருக்கும் போடணும். எவ்ளோ உசரம் வைப்பீங்க?”

அவர் உயரத்துக்கு முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, இரண்டே முக்கால் அடி இருக்கலாம். நின்றால் மனையை மிதிக்கக் கால் எட்டாது. இரண்டு போல்ட் போட்டு மேசையோடு முடுக்க வேண்டியிருக்கும்.